என் கீழ் இமைச் சிவப்பு

இன்று காலையும் குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. இன்ன இலையின் சாறு, வெறும் வயிற்றில் ஏழு நாள், ரத்த அணுக்கள் ஊற்றாய்ப் பெருகும். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். கைப்பேசியைக் கவிழ்த்துப் போட்டேன். யாரோ கட்டைவிரலால் இழுத்ததுபோல் என் கீழ் இமை எரிந்தது.

இழுத்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் தெரு, தெருமுனையில் அவருடைய சைக்கிள் கடை. அப்போது எனக்கு ஒன்பது வயது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். பல்பமும் சாம்பலும் தின்பேன். ரத்தம் பாதிகூட இல்லை என்று சொல்லி டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்.

"மாத்திர கீத்திர ஒண்ணும் வாணாம். புள்ளைய என் கைல வுடு" என்றார் மாமா.

மறுநாளே சைக்கிளை மிதித்து நெமிலிச்சேரிப் பக்கம் போய், வாய்க்கால் ஓரம் கரிசலாங்கண்ணி பறித்துவந்து, அரைத்து வேட்டித் துணியில் பிழிந்தார். பிழியும்போது பச்சை, டம்ளர் என் கைக்கு வருவதற்குள் கறுப்பு. வாயில் அடக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடித் துவைக்கிற கல்மேல் துப்பிவிடுவேன். ஒரு நாள்கூட விழுங்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும். கல்லில் படிந்த கறையை அவள்தான் தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பாள். பள்ளிக்குக் கிளம்பும்போது முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டுவாள். "மாமா கைல சொல்லிக்காத. மனசு ஒடஞ்சிடும்." மாமாவின் மனசு எங்கள் வீட்டில் கண்ணாடிச் சாமான்.

இரண்டு மாதத்தில் சிவந்தேன். அப்புறம் கண்காட்சிதான். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் முன் என்னை நிறுத்தி, கிரீஸ் விரலால் இமையை இழுத்துக் காட்டுவார். "பாரு நைனா, தக்காளி மாரி கீதா? எல்லாம் சாறு." எரியும். ஆனாலும் நிற்பேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டு அக்காவும் பார்த்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி, சுண்ணாம்பு பூசியது போன்ற முகம்.

"நெஜமாவே சாறுதானா கண்ணு?"

மாமாவின் விரல் இன்னும் என் கன்னத்தில். நான் தலையாட்டினேன்.

"அப்ப ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திடறேன் அண்ணாத்தே. அந்தக் கருமத்தப் போட்டா வாந்தி எடுத்துகினே கீறேன்."

கடை வாசலில் நின்றிருந்த அம்மா, "ரெண்டையும்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. உனுக்கு இன்னா தெரியும்?"

அம்மா சும்மா இருந்தாள். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சும்மாவை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். செடிமேல் எனக்குக் கோபமில்லை. ரத்தம் ஊறவைக்கும் குணம் அதற்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எங்கள் வீட்டில் அதைக் குடித்துப் பார்த்தது துவைக்கிற கல் ஒன்றுதான். கல்லின் சாட்சியத்தை என் கண்ணில் எழுதித் தெருவுக்கே வாசித்துக் காட்டினார்கள்.

பிரசவத்தில் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடம்பில் இருந்ததே கொஞ்சம் ரத்தம். தெரு ஆண்கள் ஆட்டோ ஏறி ரத்தம் கொடுக்க ஓடினார்கள், மாமாவும் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துக் குழந்தையோடு திரும்பினாள், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தபடி.

"சாறு உள்ள இருந்துச்சு. அதான் உசுரு நின்னுது" என்றார் மாமா. நம்பித்தான் சொன்னார். அவளும் நம்பினாள்.

எங்கள் வீட்டுக்கு வந்து ஜாங்கிரிப் பொட்டலத்தைப் பிரித்து முதல் ஜாங்கிரியை என்னிடம் நீட்டினாள். "உன்னப் பாத்துதான்டி குடிச்சேன் கண்ணு." அடுத்ததை அம்மாவுக்குக் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை. அக்கா போன பிறகும் கையிலேயே வைத்திருந்தாள். பாகு மணிக்கட்டு வரை வழிந்தது. அம்மாவுக்கு ஜாங்கிரி பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்து, அதையும் நானே வாங்கித் தின்றேன்.