முதலில் வந்தது பின்னால்

எல்ம் என்ற மலையூரில் பனி வழிக்கும் வண்டியை ஓட்டுபவள் ரெகுலா. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். பனி உருகிவிட்டால் வேலை கிடையாது. கோடை முழுக்க சூரிச்சுக்குப் போய் ஓட்டல் அறைகளைத் துடைக்க வேண்டும். அது அவளுக்கு அறவே பிடிக்காது. மலை வழிகாட்டித் தேர்வில் தேறினால் கோடையிலும் கணவன் ஹைரியோடு ஊரிலேயே இருக்கலாம். இரண்டு முறை போய்க் கோட்டை விட்டாள். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு.

இரண்டு முறையும் அவளைக் கவிழ்த்தது ஒரே கேள்வி. பின்னாலிருந்து நெருக்கப்படும் பாறை உடைந்து, துண்டின்மேல் துண்டு ஏறி மலையாகிறது. அந்த உடைப்புகளில் எது மூத்தது? முன்னால் இருப்பது என்றாள். வேறென்ன சொல்வாள்? மே மாதம் கிளாரஸ் திடலில் ஊரே கூடிக் கைதூக்கிச் சட்டம் போடும்போது, முதலில் வந்தவருக்குத்தானே முன்வரிசை.

"வருஷா வருஷம் லேட்டா போறவ நீ. முன்வரிசையைப் பத்தி உனக்கென்னடி தெரியும்?" என்றான் ஹைரி.

"பேசாம சீஸைத் துருவுங்க."

அந்தக் குளிர்காலத்தில், இறுகிப்போன பனியை வழித்துக்கொண்டிருந்தாள். வண்டியின் முன்தகட்டுக்கு எதிரே ஒரு பாளம் உடைந்து மேலேறியது. தள்ளத் தள்ள, அதற்கும் முன்னால் புதிதாக ஓர் உடைப்பு. பழைய பாளம் புதியதன் முதுகில் சவாரி செய்தபடி தகட்டோடு ஒட்டி நிமிர்ந்தது. பிறகு இன்னும் முன்னால் இன்னொன்று. ரெகுலா வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். இத்தனை வருடமும் விடை மூக்குக்கு நேரேதான் இருந்திருக்கிறது.

ஜூனில் தேர்வு. கணவாயில் பனி இன்னும் திட்டுத் திட்டாகக் கிடந்தது. தேர்வாளர் லுக்சிங்கர் அதே கேள்வியைக் கேட்டார். அவர் கால்களை நோக்கி ரெகுலா மண்வெட்டியால் பனியைத் தள்ளினாள். பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"மண்வெட்டிய ஒட்டி நிக்குது பாருங்க, அதான் மூத்தது. முதல்ல உடைஞ்சு, அப்புறமா வந்தவங்க முதுகுல ஏறிக்கிச்சு. எப்பவாச்சும் பழசுக்கு நடுவுலயும் புதுசா ஒண்ணு கிளம்பும். ஆனா வழக்கம் இதுதான்."

"சரிம்மா. அடுத்தது எங்க உடையும்?"

"நீங்க நிக்கிறீங்களே, அங்கதான்."

லுக்சிங்கர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பையிலிருந்து வழிகாட்டி வில்லையை எடுத்தார். நேரே வந்து கொடுக்காமல், சுற்றிக்கொண்டு போய், மண்வெட்டிக்குப் பின்னால் பத்திரமாக நின்று அவளிடம் நீட்டினார்.