தபால்காரரின் இடது கால்

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் அறையின் சாவி பதினாறு வருடமாக அவள் இடுப்பில்தான் தொங்குகிறது. அதனால் எல்லோருக்கும் அவள் சாவிக்கா. மைதானத்தில் யாராவது கணுக்கால் பிசகி விழுந்தால் ஐஸோடு முதலில் ஓடுகிறவள் அவள்தான். ஓடி என்ன பயன்? ஐஸை வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். அதைப் பார்த்துச் சகிக்காமல் விளையாட்டு ஆசிரியை அவளை ஆறு மாத வகுப்பு ஒன்றில் சேர்த்துவிட்டார். காயம் வராமல் தடுப்பது, மூட்டுகளுக்கு டேப் கட்டுவது எல்லாம் அதில் பாடம். தேறினால் அணியோடு போட்டிகளுக்குப் போகலாம். இல்லாவிட்டால் நாற்பத்தோரு வயதுக்கு மேலும் அதே சாவிதான்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இருபதைத் தாண்டாத பிள்ளைகள். அவர்களுக்குச் சட்டென்று கை வந்தது. சாவிக்காவுக்கு வீட்டிலும் பழக வேண்டியிருந்தது. வீட்டில் தபால்காரரான கணவரின் கால் இருக்கிறதே, சும்மா கிடப்பானேன்?

டேப் ஒட்டுவதற்கு முன் முடியை மழிக்க வேண்டும் என்றதும் அவர் திகைத்தார். “ஒரு காலுக்கு மட்டுமா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?”

“பேண்ட்டுக்குள்ள யாருங்க எட்டிப் பாக்கப் போறாங்க?”

இடது கால் பாதிவரை வழவழவென்றானது. தினமும் காலையில் அவர் சமையலறை மேஜைமேல் ஏறிக் காலைத் தொங்கவிடுவார். அவள் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சுருக்கம் விழாமல் பட்டை பட்டையாக ஒட்டுவாள்.

“எப்படிங்க இருக்கு?”

“கல்லு மாதிரி நிக்குது.”

பத்தொன்பது வருடத்தில் அவர் குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. உப்பில்லாத சாப்பாட்டையும் நல்லா இருக்கு என்று சாப்பிட்டு எழுந்த மனிதர். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு யாரும் உருப்படியாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை வைத்தார்கள். கால்பந்து ஆடும் பெண் ஒருத்திக்கு சாவிக்கா கட்டிவிட்டாள். எழுந்து நின்ற ஐந்தாவது நிமிடம், “அக்கா, கால் மரத்துப்போச்சு” என்றாள் அந்தப் பெண். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. வகுப்பாசிரியை ஓடிவந்து டேப்பை வெட்டினார்.

“தொங்குற கால்ல இறுக்கிட்டீங்க. நின்னா பாதம் விரியும், அதுக்கு எடம் வேணாமா? வீட்ல பழகினேன்னீங்களே, அவர் ஒண்ணும் சொல்லலையா?”

அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழையும்போதே பிடித்துக்கொண்டாள். “நெஜமாச் சொல்லுங்க. நான் கட்டினது இறுக்கமா இருந்துச்சா?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக் கவிழ்த்தார். வெட்டிய டேப்புகள் இருபதுக்கும் மேல் தரையில் விழுந்தன. ஒவ்வொன்றும் இன்னும் அவர் கணுக்காலின் வடிவத்திலேயே வளைந்திருந்தது.

“தெருமுனை வரைக்கும் தாங்கும். அப்புறம் வெரலு இருக்கா இல்லையான்னே தெரியாது. ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து வெட்டிடுவேன்.”

“ஏன் சொல்லல?”

“அவ்வளவு கஷ்டப்பட்டு ஒட்டுறே. அந்த மொகத்தப் பாத்துட்டு எப்படிம்மா சொல்றது?”

“வெட்டினத குப்பையிலயாவது போட்டிருக்கலாம்ல?”

“நீ கட்டினதாச்சே.”

“நான் ஃபெயிலானா அதுக்கு நீங்கதான் காரணம்!” என்று கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர்மேல் அவளுக்கு அவ்வளவு கோபம், அவ்வளவு பிரியம்.

மறுநாளிலிருந்து அவள் கேட்பதை நிறுத்தினாள். கட்டி முடித்ததும் அவரை எழுந்து நிற்கவைத்து, கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுவாள். வெளுத்த நகம் ரத்தம் திரும்பி இரண்டு எண்ணுவதற்குள் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் கத்தரிக்கோல்தான். அவர் வாயைத் திறந்தால், “நீங்க பேசாதீங்க” என்பாள்.

தேர்வில் அவளுக்குக் கிடைத்தவன் ஒரு நெட்டை ஓட்டக்காரன். கட்டி முடித்தபோது நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. “சூப்பரா இருக்குக்கா” என்றான். இன்னொரு தபால்காரர், என்று நினைத்துக்கொண்டாள். நிற்கவைத்து நகத்தை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வெளுப்பு போகவில்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மணி அடித்தபோது கடைசிப் பட்டை அவள் கையிலேயே இருந்தது.

தேர்வு நடத்திய பெண்மணி குனிந்து தானும் நகத்தை அழுத்திப் பார்த்தார். “ஒரு பட்டை விட்டுப்போச்சு, அதுக்கு மார்க் கொறையும். நீங்களே கண்டுபிடிச்சு வெட்டினீங்க பாருங்க, அதுக்காகப் பாஸ்.”

மறுநாள் காலை பழக்கதோஷத்தில் அவர் மேஜைமேல் ஏறிக் காலைத் தொங்கவிட்டார். அவளும் பழக்கதோஷத்தில், “எப்படிங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டாள். இன்னும் டேப்பையே எடுக்கவில்லை.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். “வலிக்குது” என்றார்.

“எங்க?”

“முழங்கால்ல. மூணு வருஷமா.” உடனே பதறி, “நீ கட்டிவிட்டா சரியாப்போயிடும்” என்றார்.

“கட்டினா வலி மறையும், சரியாவாது. இன்னைக்கு லீவு போடுங்க, டாக்டர்கிட்ட போறோம். எந்தக் கால்?”

“ரெண்டும்” என்றார் தபால்காரர், மெதுவாக.

சாவிக்கா டேப்பைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய இரண்டு முழங்கால்மேலும் கை வைத்தாள். “அப்புறம்? இன்னும் எங்கெல்லாம் வலிக்குது? ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றாள்.