வலி நின்றுபோன காலை

ஷார்ஜாவில் எங்கள் அறைக்கு அந்த ஃபோன் வந்தபோது நான் முருங்கைக்காய் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்கும் என் கணவருக்கும் விடுமுறை. அவர் சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டிப் பழகியவர். அந்தக் கைப்பழக்கம்தான் அவரை ஷார்ஜாவில் ஒரு அச்சகத்துக்குக் கொண்டுபோனது. கொஞ்ச காலம் கழித்து அதே அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்றார்கள். நானும் போனேன். கம்பெனி கொடுத்த குடியிருப்பில் கணவன் மனைவி தங்கலாம், பிள்ளைகளை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஒரு வருஷம் என்று சொல்லி, ஆறு வயது மகளை ஆமத்தூரில் என் கணவரின் அக்காவிடம், என் மதினியிடம் விட்டுவிட்டுப் போனேன். அந்த ஒரு வருஷம் எப்போதோ தாண்டியிருந்தது. பொங்கலுக்கு வருகிறோம், முழுப்பரீட்சை லீவுக்கு வருகிறோம் என்று ஃபோனில் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

மதினியின் நம்பரிலிருந்துதான் அழைப்பு. ஆனால் பேசியது பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர்.

"யக்கா, பயப்படாதீக. பாப்பாவ விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். டாக்டர் ஒங்ககிட்டப் பேசணும்கிறாக."

டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். "குடல்வால் வெடிச்சிருச்சும்மா. வயித்துல சீழ் பரவிட்டு இருக்கு. இப்பவே ஆபரேஷன் பண்ணியாகணும். பிள்ளையோட அத்தை கையெழுத்துப் போட்டுட்டாங்க. இருந்தாலும் பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

சரி என்று சொல்ல வேண்டும். நான் ஃபோனைக் காதில் வைத்தபடி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். துணி துவைத்த ஈரக்கையோடு ஓடிவந்த என் கணவர் ஃபோனை வாங்கி, "பண்ணுங்க சார், பண்ணுங்க" என்றார். அடுத்து டாக்டர் கேட்டது எனக்கும் கேட்டது. பிள்ளைக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?

அவர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், அந்தப் பக்கம் சற்றுத் தள்ளியிருந்து மதினியின் குரல் வந்தது. "சார், போன மாசம் சளிக்கு ஒரு மருந்து குடுத்து ஒடம்பெல்லாம் தடிச்சிருச்சு சார். பேரு தெரியல. குடுத்த டாக்டரு ஆமத்தூர்லதான் இருக்காக, ஃபோனப் போட்டுக் கேளுங்க."

போன மாதம் என் மகளுக்கு உடம்பெல்லாம் தடித்தது எனக்குத் தெரியாது. தூரத்தில் இருப்பவர்களை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று மதினி சொல்லாமல் விட்டிருப்பார். ஆனால் நான் தலையாட்டினேனே. தெரியாது என்று சொல்லத் தோன்றாமல், எல்லாம் தெரிந்தவள் போல, இல்லை என்று தலையாட்டினேனே. ஃபோனை வைத்த பிறகும் எனக்குக் கழுத்து ஆடிக்கொண்டே இருப்பது போல இருந்தது.

பக்கத்து அறையில் இருந்த கேரளத்துப் பெண் வந்து அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். எங்கள் பாஸ்போர்ட்டுகள் கம்பெனி அலுவலகத்தில் இருந்தன. விடுமுறை நாள் என்பதால் அலுவலகம் பூட்டியிருந்தது. என் கணவர் மேனேஜர் வீட்டுக்கே போனார். மேனேஜர் நல்ல மனிதர், சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்து திறந்துவிட்டார். ஆனால் பெரிய ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் போங்கள், இருவரையும் விட முடியாது என்றார்.

"நீ போ. நான் போயி அங்கன என்ன செய்யப்போறேன்? பிள்ள அம்மாவத்தான் தேடும்" என்றார் என் கணவர்.

அன்று பிற்பகல் முழுவதும் மதினியின் ஃபோனுக்கு அடித்துக்கொண்டே இருந்தோம். மணி அடிக்கும், எடுக்க ஆள் இருக்காது. கடைசியில் எடுத்தார். "தம்பி, முடிஞ்சிருச்சு. கண்ணு முழிச்சிட்டா. நல்லாருக்கா" என்ற மூன்று சொற்றொடருக்கு மேல் மதினியால் பேச முடியவில்லை. என் கணவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்தை மீறி அது வெளியே கேட்டது.

மறுநாள் திருவனந்தபுரத்துக்கு விமானம். உடன் வந்தவர்கள் அட்டைப்பெட்டிகளும் கம்பளிகளுமாக வந்தார்கள். எனக்கு ஒரு தோள்பை மட்டும். ஒரு பொம்மைகூட வாங்கியிருக்கவில்லை. பஸ் மாறி மாறித் திருநெல்வேலி தாண்டியதும் ஊர்ப் பேச்சு காதில் விழ ஆரம்பித்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. சாத்தூர்ப் பக்கம் வெடிப்பெட்டி லோடு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் பையில் இருந்த விமான நிலைய அட்டையைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"வெளிநாட்டுல இருந்தா வாரீக? பிள்ளைக எத்தன?"

"ஒண்ணு."

"கூட்டிட்டு வரலையாக்கும்?"

"அவ இங்கதான் இருக்கா" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கில் ஒரு குழாய், வயிற்றிலிருந்து ஒரு குழாய். நான் விட்டுவிட்டுப் போனபோது இருந்ததைவிட நீளமாகியிருந்தாள். கட்டிலின் பாதி தாண்டிக் கால் நீண்டிருந்தது. கீழே தரையில் மதினி உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போன சேலையை அவர் மாற்றியிருக்கவே இல்லை. கைவிரல் இடுக்குகளில் வெள்ளி நிற வெடிமருந்து அப்படியே காய்ந்திருந்தது.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் நான் ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தேன். போனதும் மதினி காலில் விழ வேண்டும். விட்டுவிட்டுப் போனதற்கும், வருகிறோம் வருகிறோம் என்று ஏமாற்றியதற்கும் சேர்த்து விழ வேண்டும். ஆனால் என்னைக் கண்டதும் எழுந்த மதினி, என்னைவிட வயதில் மூத்தவர், என் காலைப் பிடிக்கக் குனிந்துவிட்டார். நான் பதறிப் பின்னால் நகர்ந்தேன்.

"என்னைய நம்பி விட்டுட்டுப் போனயே தாயி. நான் காக்கலையே."

வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நின்றுதான் எல்லாவற்றையும் சொன்னார். மதினிக்குக் கல்யாணமான சில வருஷங்களில் கணவர் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு வெடி கம்பெனியில் வேலை. காலையில் வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும்.

"வியாழக்கெழம வகுறு வலிக்குதுன்னா. வாந்தி எடுத்தா. சாயங்காலம் கொண்டுபோயி ஊசி போட்டுட்டு வந்தேன். ராவெல்லாம் மொனங்கிக்கிட்டே கெடந்தா. காலைல எந்திரிச்சு, 'அத்தே, வலி நின்னுபோச்சு'ன்னு சிரிச்சா. எனக்கு அம்புட்டு சந்தோசம். சீசன் நேரம், இப்ப லீவு போட்டா ஏசுவாக. பள்ளிக்கூடம் வேண்டாம், படுத்திருன்னு பக்கத்து வீட்ல விட்டுட்டு வேன்ல ஏறிட்டேன்."

வெடி கம்பெனிக்குள் செல்ஃபோன் கொண்டுபோக முடியாது. வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மகளுக்குக் காய்ச்சல் ஏறி வயிறு கல்லாக இறுகியபோது பக்கத்து வீட்டார் அந்த ஃபோனுக்குத்தான் அடித்திருக்கிறார்கள். அது வாசலில் ஒரு பெட்டிக்குள் மற்ற ஃபோன்களோடு கிடந்து அடித்திருக்கிறது. வாட்ச்மேன் தற்செயலாகக் கவனித்து உள்ளே ஓடிவந்து சொல்ல, மதினி போட்டது போட்டபடி எழுந்து, லோடு வண்டியில் ஏறி வந்திருக்கிறார்.

"வலி நின்னுச்சுன்னா நல்லாயிருச்சுன்னுதான நெனைப்போம்? நீ சொல்லு. நெனைப்போமா மாட்டோமா?"

"நெனைப்போம் மதினி. நானா இருந்தாலும் அப்பிடித்தான் நெனைச்சிருப்பேன்."

"நீயா இருந்தா வேலைக்குப் போயிருக்க மாட்ட."

நான் வேலைக்குப் போகாமலா இருந்தேன்? கடல் தாண்டியல்லவா போயிருந்தேன்.

டாக்டரிடம் கேட்டேன். வெடித்த உடனே கொஞ்ச நேரத்துக்கு வலி குறைந்தது போல இருக்கும், பெரியவர்களே ஏமாந்துபோவார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது என்றார். அதை மதினியிடம் அப்படியே சொன்னேன். டாக்டரையே கூட்டிவந்தும் சொல்ல வைத்தேன். மதினி தலையை மட்டும் ஆட்டினார்.

மகள் சாயங்காலம் கண் விழித்தாள். என்னைப் பார்த்தாள். ஃபோனில் கேட்ட குரலையும் எதிரே இருக்கும் முகத்தையும் ஒட்டிப் பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எப்ப வந்தீக?"

வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் கேட்கிற மரியாதை. அவளுக்கு அந்த மரியாதையைச் சொல்லிக்கொடுத்தவர் மதினிதான், நல்ல வளர்ப்புதான். "இப்பத்தான் கண்ணு" என்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி, "அத்தே, தண்ணி" என்றாள். நான் சொம்பை எடுக்கப் போனேன். மதினி என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, பஞ்சை நனைத்து அவள் உதட்டில் மட்டும் ஒற்றினார். குடிக்கக் கொடுக்கக் கூடாதாம்.

சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். ஒரு சித்தி மதினி வெளியே போன நேரம் பார்த்து, "பெத்திருந்தா தெரியும். வலியில கெடந்த பிள்ளைய விட்டுட்டு வேலைக்கா போவாக?" என்றார். "அவுகதான் சித்தி காப்பாத்துனாக" என்று நான் உடனே சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்த நொடியில் எனக்குள் ஏதோ லேசானது. பழி போக இன்னொரு இடம் இருக்கிறது என்கிற ஆறுதல். அது வந்த வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

தீபாவளிக்கு முன்பே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். மதினி வேலைக்குப் போகவில்லை. கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டும் போகவில்லை. என் விடுமுறை முடிகிற நேரம் வந்தது. என் கணவர் ஃபோனில் ஒரு வழி சொன்னார். வெளியே தனி அறை எடுக்கலாம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. மதினிதான் முதலில் சம்மதித்தார். மகளின் உடுப்புகளை மடித்துத் தனியே அடுக்கவும் ஆரம்பித்துவிட்டார். "பெத்தவுககிட்ட இருக்கட்டும். எங்கிட்ட இருந்தது போதும்" என்று அவர் சொன்னது தண்டனையைத் தானே எழுதி வாசிப்பது போல இருந்தது.

மகளிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அத்தை வேல முடிஞ்சு வந்தா வீட்ல யாரு இருப்பாக?"

அன்று சாயங்காலமே என் கணவருக்கு ஃபோன் செய்து, நான் வரவில்லை என்றேன். அவர், "அங்கனயே இரு. நான் இந்த கான்ட்ராக்ட முடிச்சிட்டு வந்துர்றேன்" என்றார். சொன்னபடி வந்தார், ஆனால் அது முடிய இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் மகளை விட்டு நான் இருந்த குறை போய், கணவரைத் தனியே விட்ட குறை வந்து சேர்ந்துகொண்டது. தினமும் ஃபோனில் அவர் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளைக்கு வயிற்று வலி எதுவும் இல்லையே என்பதுதான். ஆபரேஷன் நடந்தபோது நானும்தான் பக்கத்தில் இல்லை, ஆனால் அந்தக் குறையை அவர் தனக்கு மட்டுமே சொந்தமாக வைத்துக்கொண்டார். அதை அவர் என்னோடு பங்கு போட்டுக்கொள்ளவே இல்லை.

பொங்கலுக்குப் பிறகு மதினி மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கினார். வேன் தெருமுனைக்கு வந்து ஹார்ன் அடிக்கும். சோற்றுத் தூக்குவாளியைக் கையில் எடுத்த பிறகு மதினி மகளைக் கூப்பிட்டுச் சுவரோரமாக நிறுத்துவார். வயிற்றில் நான்கு விரலை வைத்து அமுக்குவார், சட்டென்று எடுப்பார். "எடுக்கும்போது வலிக்குதா?" என்று கேட்பார். டாக்டர் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறார். மகள் கூச்சத்தில் நெளிந்து சிரிப்பாள். மதினி சிரிக்க மாட்டார். இடம் மாற்றி இன்னொரு தடவை அமுக்குவார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஹார்ன் மறுபடியும் அடிக்கும். போதும் மதினி, வேன் போயிரும் என்று சொல்ல அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன். ஒரு நாளும் சொன்னதில்லை.