'ஓகே' மாப்பிள்ளை

நிச்சயம் முடிந்ததும் மாப்பிள்ளை துபாய்க்குத் திரும்பிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் போனில் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் சட்டம். ஈமெயில்? அதில் குரல் போகாதாமே... அனுப்பட்டும் என்றுவிட்டார்கள்.

ஆக, வெள்ளிதோறும் என் மகள் கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவாள். காவலுக்கு நான்.

அவள் எழுதுவாள் — மலைப் பக்கம் மழை, மாடியில் நனைந்த வற்றல், தம்பியின் மார்க்... 'சரி, முடிக்கிறேன்' என்று போட்ட பிறகுதான் முக்கியமான விஷயமே ஆரம்பிக்கும். வரிக்கு வரி சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி வேறு.

மாப்பிள்ளையின் பதில்: 'ஓகே. டேக் கேர்.'

தந்தியா கொடுக்கிறார்? மறுவாரமும் அதே ஓகே. பையனுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லையோ? பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்றே!

என் மனைவி ஒரே ஒரு சொந்தக்காரப் பெண்ணிடம், ரகசியமாக, புலம்பினாள். சாயங்காலமே அந்த ரகசியம் உத்தமபாளையத்தில், மாப்பிள்ளை வீட்டில் இருந்தது. எந்த இன்டர்நெட்டுக்கு அந்த வேகம் உண்டு?

அடுத்த வெள்ளி வந்தது பாருங்கள் ஒரு மெயில்... திரை கொள்ளவில்லை. மஞ்சள் மூஞ்சிகள் கும்பலாகச் சிரித்தன. தலைவலி தேவலையா, ராத்திரி என்ன ஆக்கினீங்க, கல்யாணப் பிளவுஸ் என்ன கலர், அதற்கு வளையல் எடுத்தாச்சா... நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மகளின் முகம் கறுத்துவிட்டது.

"அத்தா, இது அவுக எழுதினது இல்ல. அவுக அக்கா எழுதியிருக்காக. எந்த ஆம்பிள வளையலப் பத்திக் கேட்டிருக்காக?"

யார் எழுதினால் என்ன, அன்பாகத்தானே இருக்கிறது என்று இழுத்தேன்.

"ஓகே சொல்றவுகளோட இருந்துரலாம் அத்தா. ஆள் வச்சுப் பேசுறவுகளோட எப்படி இருக்கறது?"

'இதை எழுதினது யாரு? பதிலைப் பாத்துதான் கல்யாணம்' என்று மட்டும் தட்டிவிட்டு எழுந்துவிட்டாள்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதில் வந்தது. 'அக்காதான். பாஸ்வேர்டு கேட்டாக, குடுத்துட்டேன். தப்பு. எனக்கு எழுத வராது. ஓகேன்னு போடவே அரை மணி நேரம் யோசிக்கிறேன். நீ எழுதுறத நிறுத்திராத.'

ஆண் வர்க்கத்தைப் பொறுத்தவரை இது காவியம்!

மகள் திரும்பத் திரும்பப் படித்தாள். என்னம்மா சொல்றே என்றேன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தாள்.

"டீ குடிச்சிட்டு வாங்க அத்தா. மெதுவா வாங்க."

பெண்களுக்குச் சுருக்கமாகப் பேச வராது என்று எவன் சொன்னது?