இறங்காத மனிதர்

முப்பது வருடம் அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழாமல், மணியடித்துப் பியூனை ஏவியே காலம் தள்ளியவர் அவள் கணவர். வீட்டிலும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை. ஓய்வு பெற்றதும் தோட்டத்துக்கென்று ஒரு குட்டி டிராக்டர் வாங்கினார். உட்கார இன்னோர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

மண்ணை நிரவும் பலகையை மாட்ட ஒவ்வொரு தடவையும் கீழே இறங்க வேண்டியிருந்தது. ஐயாவுக்கு அது பொறுக்குமா? வெல்டரைக் கூப்பிட்டு, வண்டிக்குப் பின்னால் இரண்டு கொக்கியும், அவற்றைத் தூக்க சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோலும் வைத்துக்கொண்டார்.

"இனிமே இறங்கவே வேண்டாம்!" என்று தெருவெல்லாம் பீற்றல் வேறு.

உண்மைதான், அவர் இறங்கவில்லை. அந்த இரும்புப் பலகையை இழுத்துவந்து கொக்கிக்கு நேராக வைப்பவள் அவள்தான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளு. கண்ணு தெரியலையா உனக்கு?" என்று மேலிருந்து அதிகாரம் தூள் பறக்கும்.

நேற்று பக்கத்து வீட்டுக்காரரை வேலியோரம் நிறுத்தி வித்தை காட்டினார். அவள் வேண்டுமென்றே பலகையை ஒரு முழம் தள்ளி வைத்தாள். அவர் வண்டியைப் பின்னால் கொண்டுவந்து, நெம்புகோலைத் தூக்கிவிட்டுக் கிளம்பினார். திரும்பிப் பார்க்கவில்லை, கழுத்தைத் திருப்புவதும் வேலைதானே. தோட்டத்தை நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு வேலியோரம் நிறுத்தினார்.

"பாத்தீங்களா சார், எவ்வளவு லேசா இழுக்குது!"

பக்கத்து வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். பலகை புறப்பட்ட இடத்திலேயே கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.