புது ஆளுக்கு ஈரல் வறுவல்

ரீனா காரைக்குடியில் பார்க்கிற வேலை என்னவென்று அவளைப் பெற்றவளுக்கே இன்னும் விளங்கவில்லை. "சாப்பாட்டு ஆப் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஆப்பைத் திறக்கிறவர் நாக்கு எதைக் கேட்கும் என்று ஊகித்து, அதை முன்னால் நீட்டுவதுதான் ரீனாவின் வேலை. பழைய ஆட்கள் தின்றதெல்லாம் பதிவில் இருக்கும். புது ஆள்தான் தலைவலி. புது ஆட்களைப் பதிவில் ஏற்றுவது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. நடுவில் வந்து சேருகிறவர் அதுவரை கம்ப்யூட்டருக்கு முன்பின் தெரியாதவர்.

அதற்கு அவள் ஒரு வழி பண்ணியிருந்தாள். புது ஆள் எந்தத் தெருவோ, அந்தத் தெருவில் அதிகம் போகிற அயிட்டத்தைக் காட்டிவிடுவது. தன் மூளையை நினைத்து அவளுக்கே கொஞ்சம் மிதப்புதான்.

சஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள் அந்த மிதப்பு இறங்கியது. முதலாளி கார்த்திகேய சிவத்தின் தாயார் மெய்யம்மை ஆச்சி ஆப்பில் சேர்ந்து ஒரு நாள்தான் ஆகிறது. இடியாப்பம் வாங்கலாமென்று திறந்தால், "உங்களுக்காகவே, சுடச்சுட ஈரல் வறுவல்!" என்று வந்து நின்றது. விரத வீட்டில்!

ரீனாவை வீட்டுக்கே வரச் சொன்னார்கள். ஆறு மாதச் சோதனைக் காலம் முடிய நான்கே நாள். வேலை நிலைக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனாள்.

"இவுக போட்ட புரோகிராம்தான் ஆத்தா தப்பு. வேற ஆளைப் பாத்துக்கலாம்" என்றார் சிவம், ரீனாவின் முகத்தைப் பார்க்காமல்.

ரீனா லேப்டாப்பைத் திறந்தாள். முன்தெருவிலிருந்து பின்தெரு வரை நீண்ட வீடு அது. ஆச்சியின் முகவரி முன்தெருவில் இல்லை, பின்தெருவில் பதிவாகியிருந்தது.

"ஆச்சி, பின்பக்கம் நின்னா ஆப்பைப் போட்டீக?"

"எனக்கென்ன தெரியும்? இவன்தான் கொல்லைக் கதவுகிட்ட நின்னுக்கிட்டுப் போட்டுக் குடுத்தான்."

பின்தெருவில் ஒரு வீட்டுக்கும் தலைவாசல் கிடையாது, அத்தனையும் முன்தெரு வீடுகளின் கொல்லைக் கதவு. ஆனால் இந்த மூன்று நாளில் அங்கே போன ஈரல் வறுவல் நாற்பத்தொரு பொட்டலம்! முன்தெரு முழுக்க இடியாப்பமும் பால்பழமுமாகப் பக்தியில் உருகிக்கொண்டிருக்க, பின்தெரு இப்படி. வாங்கியவர் பட்டியலின் உச்சியில் இருந்த போன் எண்ணைப் பார்த்து ரீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி மனுஷா! முதலாளியின் எண்.

சிவத்துக்கு வேர்த்தது. மின்விசிறியை இன்னும் கூட்டி வைத்தார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பு அவள் தலையிலிருந்து இறங்கிவிடும். வாய்வரை வந்துவிட்டது.

"புரோகிராம் சரியாத்தான் இருக்கு ஆச்சி. அந்தத் தெருவுல அதுதான் அதிகமாப் போகுது."

"யாரு வாங்குறது?"

ரீனா லேப்டாப்பை மூடினாள். "அதைச் சொல்ல மாட்டேன் ஆச்சி. நம்பி வாங்குறாக. பேரை வெளிய சொல்றது முறையில்ல. வேலை போனாலும் சரி."

ஆச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா சிவம்? இந்தப் புள்ளைய விட்றாதே. வேற எவளாவதா இருந்தா, இந்நேரம் உன் பேரைச் சொல்லிருப்பா."