மஞ்சள் துணி கட்டிய ஆமைக்குழி

எங்கள் மணப்பட்டுக் கடற்கரையில் போர்டு வைத்தால் அதைச் சீண்டுவது நாய் மட்டும்தான், அதுவும் காலைத் தூக்கிக்கொண்டு. "ஆமை முட்டை உள்ளது, மிதிக்காதீர்" என்று வனத்துறைக்காரர் எழுதி நட்டுவிட்டுப் போனார். மறுநாளே அதை ஸ்டம்பாக்கி கிரிக்கெட் ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமை குடிக்க வந்த டவுன்காரர்கள் ஈரச் சட்டையை அதன்மேல் காயப்போட்டார்கள். படித்த கூட்டமாம்!

அந்தக் குழியைக் கண்டுபிடித்தவள் நான். விடியற்காலையில் மீன் எடுக்கப் போகும்போது, டிராக்டர் போனதுபோல் மணலில் தடம் கிடந்தது. பங்குனி ஆமை. எங்கள் கரையில் முட்டையிட ஏறுவது பெரும்பாலும் அதுதான். பேராமை எப்போதாவது வலையில் முகம் காட்டிவிட்டுப் போகும். அதற்கு முந்தின வாரம்தான் என் வூட்டுக்காரர் வலையில் ஒரு பங்குனி ஆமை சிக்கி, மூச்சுமுட்டிச் செத்துக் கரை ஒதுங்கியிருந்தது. நாய்கள் கிழித்தபோது வயிறு நிறைய முட்டை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் குழியாவது பொரிக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

போர்டுக்கு அடங்காத ஜனம் எதற்கு அடங்கும் என்று எனக்குத் தெரியாதா? நாலு கழி நட்டு, மஞ்சள் துணி சுற்றி, வேப்பிலை செருகினேன். அவ்வளவுதான், கிரிக்கெட் கோஷ்டி செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நடந்தது. "இது இன்னா சாமி, அக்கா?" என்று கேட்டவர்களிடம், "ஆமை சாமி. கிட்ட போனா கண்ணு போயிடும்" என்றேன். உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

என் வூட்டுக்காரர் மட்டும், "வேணாண்டி, சாமி பேர்ல பொய் சொல்லாத" என்றார்.

"நீ உன் வலையப் பாருய்யா" என்று அவர் வாயை அடைத்தேன்.

மாசி மகம் வந்தது. பாகூர்ப் பக்கத்து வயல்காட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் டிராக்டரில் ஏறித் தீர்த்தவாரிக்கு வந்தன. கூடவே பெண்கள் கூட்டம். புற்றைக் கண்டாலே பால் ஊற்றுகிறவர்கள், மஞ்சள் துணி கட்டிய மணலைச் சும்மா விடுவார்களா? நான் மீன் கூடையை இறக்குவதற்குள் சொம்பு சொம்பாகப் பால்.

"ஐயோ, ஊத்தாதீங்கடி! கெட்டுப்பூடும்!"

"சாமிக்குப் பால் ஊத்தக்கூடாதா? ஆமை சாமின்னு நீதான சொன்னியாம்?" என்றாள் ஒருத்தி.

பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும். இத்தனை பேர் முன்னால் மானம் போய்விடுமே என்று மரம் மாதிரி நின்றேன். ஊரையே முட்டாள் என்று சிரித்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. தூ!

பாலுக்கு எறும்பு வந்தது. பங்குனிக் கடைசியில் வனத்துறைக்காரர் தோண்டிப் பார்த்தார். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. எல்லாம் அழுகி நாறியது.

சாமிக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. ஊர்கூடி அதே இடத்தில் சிமெண்ட் மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டினார்கள். இந்த வருஷம் தை மாதம் ஒரு காலையில் மேடையைச் சுற்றி ஆமைத் தடம். கடலிலிருந்து ஏறி வந்து, மேடையை ஒரு சுற்றுச் சுற்றி, குழி தோண்டாமலே திரும்பிப் போயிருந்தது.

"சாமி தன் கோயில சுத்திட்டுப் போயிருக்கு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. "அது முட்டை போட எடம் தேடி வந்துச்சுடி! சாமியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் சொன்னது பொய்! இந்த மேடைய இடிங்க!" என்று முடி அவிழ்ந்தது தெரியாமல் கத்தினேன்.

கூட்டம் அப்படியே கைகூப்பியது. ஒருத்தி ஓடிவந்து என் நெற்றி நிறையக் குங்குமம் அப்பினாள்.

"கோவப்படாத ஆத்தா! மேடை சின்னதா பூடுச்சா? பெருசா கட்டிடுறோம் தாயி!"